லியோங் சாவ் யிங் அம்மாள் குறித்து நான் எழுதிய பொய்கள்

அனுப்புநர்:
அ. ஜெயராஜ், பி.ஏ.,
தமிழ்ப் பள்ளி ஆசிரியர்,
புகைவண்டித் தொழிலாளர் குடியிருப்பு,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
உயர்திரு சிவகுருநாதன் அவர்கள்,
குடியிருப்பு மேற்பார்வையாளர்,
கோலாலம்பூர்.

பொருள்: ரயில்வே கேட்காரர் சபாபதியின் மனைவியை வெளியேற்றும் உத்தரவை நீக்கக் கோருதல்; அவ்வுத்தரவுக்குக் காரணமான மனுவை எழுதியவன் மீது புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற நவம்பர் 9-ஆம் தேதி, இக்குடியிருப்பைச் சேர்ந்த இருபத்து நான்கு பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று தங்களிடம் வந்தது. ரயில்வே கேட்டைக் காக்கும் சபாபதி (வயது 53, முதல் மனைவியை இழந்து பதினோரு வருடம் தனியாக இருந்தவர்) ஒரு சீனப் பெண்ணை வீட்டில் வைத்திருப்பதாகவும், அவளால் ஒழுக்கமும் அமைதியும் கெடுவதாகவும் அதில் கண்டிருந்தது. ஜனவரி 20-க்குள் அவள் வெளியேற வேண்டும், இல்லையேல் சபாபதி வீட்டையும் வேலையையும் இழப்பார் என்று தாங்கள் உத்தரவிட்டிருக்கிறீர்கள்.

2. அந்த மனுவை எழுதியவன் நான். இங்கே கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன் என்பதால் எல்லோருடைய மனுவும் என்னிடம்தான் வரும். கையெழுத்துகளில் என்னுடையது இல்லை. வாக்கியங்கள் என்னுடையவை.

3. அவற்றில் பொய்யானவை:

'பெயர் தெரியாத பெண்' என்று எழுதினேன். நான் கேட்கவில்லை. பெயர் லியோங் சாவ் யிங். வயது 51. விதவை. ஆறு வருடம் கீரைக் கூடைகளைத் தோளில் சுமந்து இந்த கேட் வழியாக வந்தவர். கேட் மூடியிருக்கும்போது நின்று காத்திருந்ததில் சபாபதியோடு பழக்கம்.

'முறையற்ற உறவு' என்று எழுதினேன். கிள்ளானில் ஒரு கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அதே தெருவில் கடை வைத்திருக்கும் அந்த அம்மாளின் தம்பி, அவர்களைப் பார்க்க மாட்டேனென்று கடையைச் சாத்திக்கொண்டார். டெங்கில் என்ற ஊரின் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் சபாபதியின் மகன், தகப்பன் செத்துவிட்டதாக எண்ணிக்கொள்வதாகக் கடிதம் போட்டான்.

'குடிப்பவள்' என்று எழுதினேன். குடிப்பதில்லை. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. வாக்கியத்துக்கு எடை போதவில்லை என்று நானே சேர்த்தேன்.

4. உண்மையானதையும் மறைக்கக் கூடாது. அந்த அம்மாளுக்குக் கோபம் அதிகம். குழாயடியில் இராஜம்மா என்பவர், "சீனச்சி தொட்ட குழாயில நாங்க தண்ணி புடிக்கணுமாக்கும்? கேட்காரருக்கு வேற பொம்பளயே கெடைக்கலயா?" என்றார். மறுநிமிடம் ஏழு குடங்கள் சாக்கடையில் கிடந்தன. வீட்டிலும் அப்படித்தான். சபாபதியின் நெற்றித் தழும்பு கதவில் இடித்தது என்று அவர் சொல்வார். இல்லை. இரும்புக் கரண்டி. அது சரியென்று நான் வாதாடவில்லை.

சபாபதியிடம் கேட்டேன், பயமாக இல்லையா என்று. "இருக்கு தம்பி. கோவம் வந்தா பயந்தான். ஆனா வீடு அமைதியா இருந்த பதினோரு வருஷம் இருக்கே, அதுக்கு இன்னும் பயம்" என்றார்.

5. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சண்டைக்குப் பின் அந்த அம்மாள் கிள்ளானுக்குப் போய்விட்டார். குடியிருப்பு மகிழ்ந்தது. பிறகு வெள்ளம் வந்தது. வண்டிகள் நின்றன. கேட் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் என்ற செய்தி கிள்ளான் பாசார் சந்தை வரை போயிருக்கிறது.

மழை விட்ட இரண்டாம் நாள் பிற்பகல், நாங்கள் மேட்டில் நின்று சேறு வழித்துக்கொண்டிருந்தோம். தண்டவாளத்தின் மேல் யாரோ வருவது தெரிந்தது. வண்டி வராத தண்டவாளம். பத்து தீகா, பெட்டாலிங் ஸ்டேஷன்களெல்லாம் கடந்து இருபது மைலுக்கு மேல், கட்டை கட்டையாக நடந்து வந்திருந்தார் சாவ் யிங் அம்மாள். மண் அரித்துப்போய்த் தண்டவாளம் மட்டும் தொங்கிய இடங்களைத் தவழ்ந்து கடந்ததாகப் பிறகு அறிந்தோம். கால்கள் வெடித்திருந்தன.

நேரே சபாபதியிடம் வந்தார். கையிலிருந்த குடையை அவர் மேல் வீசினார். "போடோ! முட்டாள்! சட்டை எங்க? காய்ச்சல் வந்தா யார் பாக்கிறது, நீயா?"

சபாபதி குடையை எடுத்து விரித்து அவருக்குப் பிடித்தார். வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஐம்பது பேர் நின்றிருந்தோம். இராஜம்மா உள்ளே போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து அந்த அம்மாளிடம் நீட்டினார்.

நான் அன்பைப் பற்றி நிறையப் படித்தவன். பரீட்சையும் எழுதியிருக்கிறேன். அன்று கண்டதற்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. பெரிய மலை ஒன்றின் அடியில் திடீரென்று நின்றதுபோல் இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

6. தங்கள் உத்தரவைப் படித்துச் சொல்லும்படி என்னைத்தான் அழைத்தார்கள். என் வாக்கியங்களையே அவர்கள் முகத்துக்கு நேரே வாசித்தேன். அந்த அம்மாள் தாளைப் பிடுங்கிக் கிழித்தார். ஒட்டி இத்துடன் இணைத்திருக்கிறேன். மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம். எழுதியவன் நான் என்பதை நேற்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். சபாபதி தலையாட்டினார். அந்த அம்மாள் என் முகத்தில் கதவைச் சாத்தினார்.

7. ஆகவே தங்களிடம் கோருவது: முந்தைய மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும். குடியிருப்புப் பதிவேட்டில் அந்த அம்மாளின் பெயரை, மனைவி என்றே எழுத வேண்டும். கையெழுத்திட்டவர்களில் பதினேழு பேர் விலகிக்கொள்வதாக ஒப்பமிட்ட தாள் இணைப்பில் உள்ளது. பொய் எழுதியதற்கு என் மீது எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன்.

8. தங்கள் ஆணை 18-ஆம் தேதி மாலைக்குள் கிடைக்க வேண்டும். காரணம்: 20-ஆம் தேதி வேலையை விட்டுவிட்டு மனைவியுடன் போய்விடுவதென்று சபாபதி முடிவு செய்திருக்கிறார். அவர் வேலை போகக் கூடாதென்று, 19-ஆம் தேதி சொல்லாமல் கிளம்பிவிடுவதென்று அந்த அம்மாள் முடிவு செய்திருக்கிறார். நேற்றுச் சாத்திய கதவை இன்று காலை திறந்து இதை என்னிடம் சொன்னார். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாது.

அந்த அம்மாள் ஏறப்போகும் கிள்ளான் முதல் வண்டி காலை ஆறே முக்காலுக்கு. அதற்கு கேட்டை மூடிப் பச்சைக் கொடி காட்ட வேண்டியவர் சபாபதி.

18-ஆம் தேதி முழுவதும் தங்கள் அலுவலக வாசலில் காத்திருப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் கருணையை வேண்டும்,
அ. ஜெயராஜ்
(இம்முறை கையெழுத்தும் என்னுடையது)

இடம்: பிரிக்பீல்ட்ஸ்
நாள்: 11 ஜனவரி 1927