காத்துக் கெடந்த நேரம்

அப்பாவுக்கு,

முதலாளிகிட்ட மன்னிப்புக் கேளுன்னு போன்ல அழுதீங்க. பேசினா நானும் அழுதிருவேன், அதான் எழுதுறேன். கேக்க மாட்டேன்.

விடியுமுன்னே அவரை அவரோட சொந்த விமானத்துல ஏத்திக்கிட்டுப் போயி ஐதராபாத்துல இறக்கினேன். அவரு கல்யாண வீட்டுல இருந்து வர்ற வரைக்கும் அங்கேயே காத்துக் கெடந்தேன். பொழுது சாஞ்சு வந்து "கெளம்பு"ன்னாரு. என் வேலை நேரம் முடிஞ்சிருச்சு, இனி ஓட்டுனா சட்டப்படி தப்புன்னேன்.

"பகல் பூரா சும்மாதானே உக்காந்திருந்தே?"ன்னாரு.

காத்துக் கெடந்ததும் சோலிதான்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். வேலைய விட்டு எடுத்துட்டாரு. எடுக்கட்டும்.

நீங்களும் கருக்கல்லயே ஏலக்கா எடுக்குற ஆளுகளைப் போடிமெட்டுக்கு ஏத்திட்டுப் போயி, சாயங்காலம் வரைக்கும் ஜீப்புலயே கெடந்து, திரும்பக் கொண்டாந்து விட்டீங்க. அம்மாவும் அந்த ஜீப்புலதான் வந்துச்சு. கொண்டை ஊசி வளைவுல நீங்க கண்ணு அசந்து, ஜீப்பு உருண்டு, அம்மா போன அன்னைக்கு எஸ்டேட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு: பகல் பூரா சும்மாதானே கெடந்தான். ஊரே நம்புச்சு. நீங்களும் நம்பிட்டீங்க.

நான் ஒருநாளும் நம்பலப்பா.

இன்னைக்கும் உங்க ஜீப்புல பயமில்லாம ஏறுற
உங்க மக