ரோமுக்குக் கோதுமை அனுப்பாத நண்பருக்கு

நேற்று மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எகிப்தை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். வீட்டில் யாரையும் கலக்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தில் மனிதன் தனியாகத்தான் நிற்க வேண்டும். முடிவெடுத்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வரலாறு நகர்ந்தது.

திருப்பூர் ராயபுரத்து அலுவலகத்தைக் காலி செய்தபோது மேசையின் கடைசி அறையில் அந்த சிடி கிடைத்தது. மேலே உங்கள் கையெழுத்தில் "பேட்டர்ன் பேக்கப், தொடாதே" என்று இருந்தது. உள்ளே பேட்டர்ன் எதுவும் இல்லை, மத்தியதரைக் கடலில் நாடு பிடிக்கும் விளையாட்டுதான் இருந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இதற்காகவே ஒரு டிரைவ் வாங்கி மாட்டினேன். அதே எக்காளம் ஊதியது. அதே வரைபடம் விரிந்தது. "உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுங்கள்" என்று அதே கட்டளை. நீங்கள் கண்மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. அப்படியும் உங்களைத் தேடிப் பக்கத்தில் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

நம் அறைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது நினைவிருக்கிறதா? அந்தப் பக்கம் நீங்கள், பனியன் துணி வெட்டக் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறவர். இந்தப் பக்கம் நான், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குக் கடிதம் எழுதுகிற மெர்ச்சண்டைசர். தடுப்பின் கீழே நீங்கள் விட்ட ஒரு கேபிள் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைத்தது. முதலாளி கேட்டதற்கு, "ஃபைல் சீக்கிரம் போகும் சார்" என்றீர்கள். அது உண்மைதான். படைகளும் சீக்கிரம் போயின.

அந்த விளையாட்டில் எது பலமான நாடு என்று நமக்குள் ஒருபோதும் வாதம் வந்ததில்லை. ரோம்தான். நல்ல காலாட்படை, நல்ல சாலை, உடையாத மதில். அதைவிட முக்கியம், ரோம் நமக்குப் பழக்கமானது. கல்மணி வாங்க நொய்யல் கரைவரைக்கும் ஆள் அனுப்பியவர்கள் அவர்கள். அதாவது, அந்தக் காலத்து பையர். திருப்பூரில் பலசாலி என்றால் ஒரே இலக்கணம்தான்: யாரால் சரக்கைத் திருப்பி அனுப்ப முடியுமோ அவர். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாம் ரோமுக்காகவே அடித்துக்கொண்டோம்.

ஒரு ஞாயிறு மட்டும் வேறு மாதிரி. அடுத்த ஞாயிறு உங்கள் மகளுக்கு உங்கள் ஊரான திசையன்விளையில் ஞானஸ்நானம். பிறந்து நாலு மாதம் ஆகியும் நீங்கள் அவளைப் பார்த்திருக்கவில்லை; மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் அளவு படம்தான் உங்கள் மகள். அதே ஞாயிறு எனக்கு உடுமலைப்பேட்டையில் பெண் பார்க்கும் நாள். என் வீட்டில் ஜாதகம் பொருந்தியதே அபூர்வம் என்று சித்தப்பா காரெல்லாம் பேசி வைத்துவிட்டார். அதே ஞாயிறுதான் பையரின் ஆள் சரக்கைப் பரிசோதிக்க வருவதாகவும் தகவல் வந்தது.

முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் போயிட்டா அந்தாளு முன்னாடி பொட்டியப் பிரிச்சு நிக்கறது யாருங்க? ஒருத்தர் போங்க, ஒருத்தர் இருங்க. யாருன்னு நீங்களே பேசி முடிச்சுக்குங்க."

"நீங்கள் போய்க் குழந்தையைப் பாருங்கள்" என்று நான் உடனே சொன்னதாக எழுத ஆசையாக இருக்கிறது. நான் சொல்லவில்லை. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது.

"பேசி எப்படி முடிக்க? ரெண்டு பேருக்கும் வேணும்லா. ஆடிப் பாத்துருவோம் வே" என்றீர்கள்.

"ஆடறதுன்னா ரோம் யாருக்குங்க?"

அங்கேதான் சிக்கிக்கொண்டது. ரோம் கிடைத்தவருக்குப் பாதி லீவ் கிடைத்த மாதிரி. பூவா தலையா போடலாம் என்றேன். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு ரூபாய் நாணயத்திடமா விடுவது என்றீர்கள். கணக்குப் பார்க்கும் சரசக்கா விடுமுறை நாளிலும் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் ஏலச்சீட்டு நடத்துகிறவர். யார் அதிகமாக விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கே அந்த மாதச் சீட்டு என்பது அவர் தொழில்.

"அடிச்சுக்காதீங்க சாமி. சீட்டு மாதிரியே ஏலம் போட்டுருங்க. யாரு ரொம்ப விட்டுத்தர்றீங்களோ அவுங்களுக்கு அந்த ஊரு" என்றார். உலக வரலாற்றில் ரோமாபுரி இப்படி ஏலத்துக்கு வந்தது அதுவே முதல்முறை என்று நினைக்கிறேன்.

"ரோம் எனக்கு. அஞ்சு நிமிசம் கையக் கெட்டிட்டுச் சும்மா இருக்கேன்" என்று நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

"பத்து நிமிஷமுங்க."

"பத்து நிமிசம். குதிரைப்படையும் வேண்டாம்."

"குதிரையும் வேண்டாம், கப்பலும் வேண்டாமுங்க!"

"கப்பல் வேண்டாம், மதிலும் வேண்டாம் வே!"

நீங்கள் மேசையைத் தட்டியதில் சரசக்காவின் டீ சிந்தியது. உடுமலைப்பேட்டை கை நழுவிப்போவதை நான் கண்ணால் பார்த்தேன். எழுந்து நின்று சொன்னேன்: "அத்தனையும் வேண்டாம். ஒரு வயல்கூடப் போட மாட்டேனுங்க!"

நீங்கள் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தீர்கள். "என்னால முடியாது அக்கா. அவருக்கே குடுத்துரும்."

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று முடித்த சரசக்கா என்னிடம், "ஏங்கண்ணு, குதிரையில்ல, கப்பலில்ல, மதிலில்ல, வயலுமில்ல. அப்பறம் அங்க என்னதான் இருக்குது?" என்று கேட்டார்.

"ரோம் இருக்குதுங்க அக்கா" என்றேன். அந்தப் பதிலில் எனக்கு அப்போது எந்தக் குறையும் தெரியவில்லை.

நீங்கள் எகிப்தை எடுத்தீர்கள். படையே இல்லாத நாடு. ஆறும் வயலும் மட்டும். பேசியபடி பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு நான் காலாட்படை சேர்க்க ஆரம்பித்தேன். படை சாப்பிடுகிறது, வயல் இல்லை. அதற்கென்ன? திரையின் கீழே உள்ள கட்டத்தில் உங்களுக்குச் செய்தி அடித்தேன்: தங்கம் தருகிறேன், கோதுமை வேண்டும். சம்மதம் என்று பதில் வந்தது. முழுத் தங்கத்தையும் முன்பணமாக அனுப்பினேன்.

கோதுமை வரவில்லை.

கேட்டேன். "மழையால் தாமதம். நாளை கட்டாயம்" என்று பதில். நியாயம்தானே என்று ஐந்து நிமிடம் அவகாசம் கொடுத்தேன். மறுபடி கேட்டேன். "சரக்கு தயார், கப்பலுக்குக் காத்திருக்கிறோம்" என்றீர்கள். நல்ல செய்தி என்று நன்றி தெரிவித்தேன். இத்தாலி முழுக்க என் வீரர்களின் பலம் காட்டும் பச்சைக் கோடு மஞ்சளாகி, சிவப்பாகிக்கொண்டிருந்தது. நானோ படையெடுப்பதை விட்டுவிட்டு, நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பதில் வந்தது: "தரத்தில் சமரசம் செய்ய விரும்பாததால் ஒரு சிறு தாமதம். தங்கள் பொறுமைக்கு நன்றி." இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. படிக்கவில்லை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஜெர்மனி பையருக்கு நானே எழுதியது.

கண்ணாடி வழியே நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தீர்கள்.

அப்போதுதான் என் தங்கத்தில் நீங்கள் கட்டிய கப்பல்கள் கடலில் தெரிந்தன. கடல் நீலமே தெரியவில்லை. "அட சாமி, எத்தனை!" என்று சரசக்கா கத்தினார். எனக்கு வெறி பிடித்துவிட்டது. ரோம் போனால் போகட்டும் என்று மிச்சமிருந்த அத்தனை பேரையும் தரைவழியாக எகிப்துக்குக் கிளப்பினேன். மலை, பாலைவனம். வழியெல்லாம் பசியில் விழுந்துகொண்டே போனார்கள். இருநூறு பேர் கிளம்பினார்கள். நைல் நதியைத் தாண்டியபோது பதினொருவர். உங்கள் கப்பலெல்லாம் என் ஊரில் நின்றன. உங்கள் ஊரில் ஒரு வீரன் இல்லை. தானியக் கிடங்கு கண்ணுக்குத் தெரிந்தது! அது விழுந்தால் எகிப்து முடிந்தது.

"வே! வே! எங்கன இருந்துவே வந்தீரு?" என்று நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டீர்கள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. மானிட்டர் ஓரத்திலிருந்த மகள் படத்தை நீங்கள் அப்போது பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கிடங்கைத் தாக்கச் சொல்லி அழுத்தினேன்.

கதவு எரியத் தொடங்கியது. சரசக்கா இரண்டு அறைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார். உங்களிடம் இருந்தது உழவர்கள் மட்டும். வயலில் வேலை செய்துகொண்டிருந்த நாற்பது பேரை மண்வெட்டியோடு திருப்பினீர்கள். பார்த்துக்கொண்டிருந்தபோதே என் பதினொருவர் ஏழானார்கள், மூவரானார்கள். கடைசி ரோமானிய வீரன், கிடங்கின் கதவுக்கு நாலடி தூரத்தில், ஒரு மண்வெட்டி அடியில் விழுந்தான். ஒரு பேரரசு எப்படி முடியும் என்பதைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். யாரும் இதை எழுதியிருக்கவில்லை.

நீங்கள் கத்திய கத்தலில் கீழேயிருந்து வாட்ச்மேன் ஓடி வந்தார். கண்ணாடியைச் சுற்றி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். "பிள்ளையப் பாக்கப் போறேம்வே! பிள்ளையப் பாக்கப் போறேன்!"

"ஏலத்துல எதுக்குங்க அத்தனை வேகமா ஏத்தினீங்க?" என்று கேட்டேன்.

"வயல நீரா விடுத வரைக்கும் ஏத்தணும்லா" என்றீர்கள். ரோம் உங்களுக்கு வேண்டவே வேண்டியிருக்கவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை ரோமோடு ஆடித் தோற்றபோதே, அது எவ்வளவு சாப்பிடுகிறது என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள்.

பிறகு சற்று வெட்கத்தோடு, "லீவ் லெட்டர் நீரே எழுதித் தாரும். எனக்கு இங்கிலீஷ்ல மகளுக்கு ஞானஸ்நானம்னு எழுத வராது" என்றீர்கள். எழுதினேன். என் வாழ்க்கையில் தாமதத்துக்குக் காரணம் சொல்லாமல் நான் எழுதிய மிகச் சில கடிதங்களில் அது ஒன்று.

இன்று எனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். சாயப்பட்டறையிலிருந்து "நாளை கட்டாயம்" என்று செய்தி வந்தால் நான் பதில் அனுப்புவதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போய்த் துணி முன்னால் நின்றுவிடுகிறேன். அவர்களுக்கு என்னைக் கண்டால் பிடிப்பதில்லை. எதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும், அதற்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். இவை உங்களிடமிருந்து வந்தவை. திருப்பித் தர வழியில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் ஞானஸ்நானத்துக்கு பஸ் ஏறினீர்கள். ஞாயிறு காலை நான் பையரின் ஆள் முன்னால் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உடுமலைப்பேட்டைக்குச் சித்தப்பா மட்டும் போய், பையன் அடுத்த வாரம் கட்டாயம் வருவான் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.