கையை வைத்துப் பார்த்த தூண்

இன்று வெரிபீ புறநகரில் ஒரு புது வீட்டு வேலையைப் பார்க்கப் போனேனடி. வாசலிலேயே ஈரச் சாந்தின் மணம். சுவாமியறைக்கு முன்னால் இரண்டு தூண்கள், பச்சை நரம்போடிய சலவைக்கல் மாதிரி. என்னையறியாமல் உள்ளங்கையை வைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

அது உன்னுடைய பழக்கம். உள்ளலங்காரக் கம்பனியில் பதினொரு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து படம் கீறினோம். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் உன் கணினியில் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து மாளிகைகள்தான். பிரபு வீட்டுப் பிள்ளைகள் இத்தாலிக்குப் போய், ரோமாபுரியைப் பார்த்து மயங்கி, ஊர் திரும்பி அதையே தங்கள் மழைநாட்டு வீடுகளுக்குள் கட்டினார்கள் என்பாய். முகட்டில் பூவேலை செய்ய இத்தாலியச் சாந்துக்காரரே வந்தார்களாம். "வெயிலைத் தவிர எல்லாம் கொண்டுவந்திட்டினம்" என்று சிரிப்பாய்.

உனக்கு மிகப் பிடித்தவை அங்கிருந்த பொய்த் தூண்கள். சாந்தில் பசையும் நிறமும் குழைத்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிச் சலவைக்கல்லாகக் காட்டும் இத்தாலியக் கைவேலை. "கண்ணை நம்பாதையடி, கையை வச்சுப் பார். கல்லெண்டால் குளிரும். சூடாயிருந்தால் பொய்."

அவற்றைப் பார்க்க இருவரும் போவதாக இருந்தோம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை, வேலைக்குப் போய்வரும் ரயில் அலைச்சல் என்று வருஷா வருஷம் தள்ளிப்போட்டது நான்தான். பிறகு நீ வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய்.

இனிச் சில நாட்கள்தான் என்று உன் கணவர் ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்து எனக்குச் சொன்னார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "வாற வருஷம் கட்டாயம் இங்கிலாந்து போறம், சரியே?" என்றேன். நீ என் கையைப் பிடித்துப் பார்த்தாய்.

"சூடாயிருக்கடி."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடேயே "போயிட்டு வாறன்" என்று எழும்பி வந்துவிட்டேன். அடுத்தமுறை போனபோது உன் கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

இன்று அந்த வீட்டுக்காரப் பிள்ளை கேட்டாள்: "அன்ரி, பாக்கிற ஆக்கள் மாபிள் எண்டுதானே நினைப்பினம்?"

"ஓம் பிள்ளை, தொடாத வரைக்கும்" என்றேன்.

திரும்பி வரும் ரயிலில் இருந்து இதை எழுதுகிறேன். சரியான களைப்பு. இந்தக் களைப்பு நித்திரையில் போகிறதில்லை. உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியும் என்று காட்டி, மனம்விட்டுக் கதைக்க எனக்கு வழியும் விட்டாய். நான்தான் சிரித்துக்கொண்டு ஓடிவந்தேன். பயமாயிருக்கு, நீயில்லாமல் எனக்கு ஏலாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

என் கை சூடென்று நீ சொன்னபோது உன் விரல்கள் எவ்வளவு குளிர்ந்திருந்தன. அந்தக் குளிர் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.