மருமகளோடு பார் சுற்றிய மாதம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று மாலை வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மதுக்கூடத்துக்குள் போனேன். எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். உண்மைதான். அதுவும் மருமகளோடு.

யாமினிக்கு இங்கே ஒரு நகரப் பத்திரிகை வேலை கொடுத்திருக்கிறது. ஹூஸ்டனில் உள்ள பப், பார், லவுஞ்ச் எல்லாவற்றுக்கும் ஒரு வழிகாட்டி எழுத வேண்டும். முப்பது இடங்கள். "தனியா உக்காந்து நோட்ஸ் எடுத்தா எவனாச்சும் பேச வந்தர்றான் மாமா. நீங்க கூட இருந்தா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்றாள். மகன் பிரகாஷ் வரலாமே என்றேன். செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஆபீஸ் கால் இருக்கிறதாம்.

வாசலில் நின்ற பையன் என்னிடம் வயதுச் சான்று கேட்டான். இருபத்தொன்று முடிந்ததா என்று பார்க்கிறானாம், அறுபத்தொன்பது முடிந்தவனிடம். பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் பையில் வைத்துக்கொண்டே திரிவதற்கு பிரகாஷ் என்னைக் கேலி செய்வான். இன்று அதைக் காட்டித்தான் உள்ளே போனேன்.

எங்கள் ஊர் கோபியில் பார் என்றால் அரசு மதுக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அந்த வழியாகப் போக நேர்ந்தால் குடையைச் சாய்த்துக்கொள்வேன், மாணவன் எவனாவது பார்த்துவிடுவானோ என்று. இங்கே சுவர் முழுக்கக் கண்ணாடித் தட்டு, அதற்குப் பின்னால் விளக்கு, தட்டுகளில் பாட்டில்கள், எல்லாப் பெயர்ச்சீட்டும் முன்பக்கம் பார்த்தபடி. முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் ஆய்வகம் வைத்திருந்தேன். என் அலமாரி ஒருநாள்கூட இந்த ஒழுங்கில் இருந்ததில்லை. கலக்குகிறவர் ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிப்பெட் பிடிக்க நான் எத்தனை பிள்ளைகளுக்குக் கை நடுக்கம் போகச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! வாய் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தண்ணீர் வைத்தார்கள். வீணாக்கக் கூடாதே என்று முழுவதும் குடித்தேன். உடனே நிரப்பினார்கள். அதையும் குடித்தேன். மறுபடி நிரப்பினார்கள். யாமினி சிரித்துக்கொண்டே, "மாமா, நீங்க குடிக்கக் குடிக்க ஊத்திட்டேதான் இருப்பாங்க. பாதில விட்ருங்க" என்றாள். பாதியில் விட மனம் வரவில்லை. வரும் வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 8

வெளியே போகவில்லை. கொளுத்துகிறது.

நான் வாங்கி வந்த விஸ்கி இன்னும் அட்டைப் பெட்டியோடு சமையலறையில் அரிசி டப்பாவுக்கு மேல்தட்டில் இருக்கிறது. பிரகாஷ் பிரிக்கவேயில்லை. தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். மகன் என்னைக் கண்டிப்பான வாத்தியாராகவே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் துபாய் விமான நிலையத்தில் கூச்சத்தோடு வரிசையில் நின்று வாங்கினேன். வந்த அன்று மேசையில் வைத்தபோது, "எதுக்குப்பா இதெல்லாம்" என்று எடுத்து மேலே வைத்தவன்தான்.

நல்ல சரக்கு இல்லையோ? கடைக்காரப் பெண்ணிடம் இன்னும் விசாரித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று மத்தியானம் ஐஸ் ஹவுஸ் என்ற ஒன்று. டெக்சாஸுக்கே உரியதாம். அந்தக் காலத்தில் ஐஸ்கட்டி விற்ற கிடங்கு, இப்போது பீர் விற்கிறது. சுவர் கிடையாது, சுருட்டித் தூக்கும் கதவுதான். மர பெஞ்சுகள், நாய்கள், ஒரு பிறந்தநாள் கேக், மண்ணில் விளையாடும் பிள்ளைகள். ஒரு தாத்தா ஒரு பீரை இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்தார். எவரும் எவரையும் பார்த்து முகத்தை மறைக்கவில்லை. எனக்கு அதுதான் அதிசயம்.

பப்புக்கும் பாருக்கும் லவுஞ்சுக்கும் என்ன வித்தியாசம் என்று யாமினியிடம் கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். பப் என்பது டீக்கடை பெஞ்சு: பேச்சுதான் முக்கியம், டீ சாக்கு. பார் என்பது பரோட்டா மாஸ்டரின் கல்லுக்கு முன்னால் உட்காருவது: அவர் கையைப் பார்க்கலாம். லவுஞ்ச் என்பது கல்யாண வரவேற்பில் மேடை சோபா: உட்கார்ந்திருப்பதே வேலை. யாமினி விழுந்து விழுந்து சிரித்து, "இதை அப்படியே இங்கிலீஷ்ல போடப் போறேன் மாமா" என்றாள்.

பிரகாஷ் இன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன ஆபீஸ் கால்?

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று பார்த்த இடத்தை எப்படி எழுதுவது? அது ஒரு பார். உயர நாற்காலி உண்டு, கல் மேசை உண்டு, குலுக்கும் குவளை உண்டு, சுவர் நிறைய பாட்டில் உண்டு. சாராயம் மட்டும் கிடையாது. ஒரு துளி கிடையாது.

ரூபி என்ற பெண் எனக்கு எலுமிச்சை, இஞ்சி, ஏதோ கசப்புப் பட்டை, உப்பு எல்லாம் போட்டுக் குலுக்கி உயரமான கண்ணாடி டம்ளரில் தந்தாள். நான் பழக்க தோஷத்தில் அண்ணாந்து, உதடு படாமல் தூக்கிக் குடித்தேன். குடித்து முடித்துக் குனிந்தால் கடையே என்னைப் பார்க்கிறது. ரூபி தானும் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அண்ணாந்தாள். மூக்கில் ஏறிவிட்டது. இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடி முயன்றாள். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன்: முதலில் மூச்சை நிறுத்து, பிறகு ஊற்று. மூன்றாம் தடவை வந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் கை தட்டினார்கள்.

யாமினிக்கு இந்த இடத்தை வழிகாட்டியில் சேர்க்கத் தயக்கம். இரவுச் சாப்பாட்டின்போதும் அதே பேச்சு. "பார் கைட்ல டிரிங்க் இல்லாத பாரா மாமா? எடிட்டர் சிரிப்பா."

"சர்க்கரை வியாதிக்காரனும் கல்யாணத்துக்கு வருவான் கண்ணு. அவனுக்கு இலை போடாம விட்ருவியா?" என்றேன்.

பிரகாஷ் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். பிறகு, "எந்த ரோட்டுல இருக்கு அது?" என்று மட்டும் கேட்டான். யாமினி சொன்னாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்தியக் கடைகள் இருக்கிற ஹில்கிராஃப்டில் வாரச் சாமான் வாங்கப் போனோம், யாமினியும் நானும். கறிவேப்பிலை, புழுங்கலரிசி, முருங்கைக்காய். வண்டியில் சாமானை ஏற்றியதும் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். நான் வந்தது அவனுக்குப் பிடிக்கவில்லையா கண்ணு? கூட எங்கேயும் வரமாட்டேன் என்கிறான். ஆசையாய் வாங்கி வந்த பாட்டிலைத் தொடக்கூட இல்லை.

அவள் சாவியைப் போட்டாள், வண்டியைக் கிளப்பவில்லை.

"நான் சொல்லக் கூடாதுங் மாமா. அவரே சொல்லணும். ஆனா நீங்க இப்படி நெனச்சுட்டு இருக்கக் கூடாது." ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். "அவர் குடிய விட்டு ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி... ரொம்ப இருந்துச்சு மாமா. வேலை போற மாதிரி ஆயிருச்சு. செவ்வாக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் போறது ஆபீஸ் கால் இல்ல. விட்டவங்க சேர்ந்து உக்காந்து பேசற மீட்டிங்."

அப்புறம் எதற்கு நீ இந்த வேலையை எடுத்துக்கொண்டாய் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

"அவர்தான் எடுக்கச் சொன்னார். ஊர்ல பார் இல்லாமப் பண்ண முடியாது, எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சா சுத்திப் போயிக்கலாம்னார்."

அவன் அம்மா இருந்திருந்தால் போனில் குரலை வைத்தே கண்டுபிடித்திருப்பாள். நான் வாராவாரம் அவனிடம் பேசினேன். மழை பெய்ததா, சாப்பிட்டாயா. என்னத்தைக் கேட்டேன்?

ஆகஸ்ட் 18

அவர்கள் வேலைக்குப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி அட்டைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சீல் அப்படியே இருக்கிறது.

தினமும் காலையில் அரிசி எடுப்பது அவன்தான். ஒரு மாதமாகத் தினமும் அந்தப் பெட்டிக்குக் கீழே கையை நீட்டி அரிசி எடுத்திருக்கிறான். நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறேன்.

பாட்டில் அடுக்கியதையும் அளந்து ஊற்றியதையும் பார்த்து அதிசயித்து இந்த நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். என் பிள்ளை வீட்டுக்குள்ளேயே செய்துகொண்டிருந்த காரியத்துக்கு ஒரு வரி இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

தப்புப் பண்ணிட்டேன். பெரிய தப்பு.

நான் கொண்டு வந்ததை நானே ஒழித்துவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் நாலரைக்கு, யாரும் இல்லாதபோது, பாட்டிலைத் திறந்து சமையலறைத் தொட்டியில் ஊற்றினேன். குழாயையும் திறந்துவிட்டேன். ஓடிவிடும் என்றுதானே நினைப்பேன்? வாடை எழும்பியது. ஊரில் என்றால் ஜன்னல் திறந்திருக்கும், காற்று கொண்டு போய்விடும். இங்கே எல்லாம் மூடி, ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. அது இங்கிருக்கிற வாடையை இழுத்து எல்லா அறைக்கும் ஊதுகிறது. படுக்கை அறை, பாத்ரூம், துணி அலமாரி - எங்கே போனாலும் விஸ்கி. வகுப்பின் மூலையில் ஊதுபத்தி ஏற்றிவைத்து, கடைசி பெஞ்சுப் பையன் கை தூக்கும்வரை காத்திருந்து, வாயு இப்படித்தான் பரவும் என்று நடத்தியவன் நான். எனக்கேன் தோணலை?

எலுமிச்சை பிழிந்து ஊற்றினேன். வினிகர் ஊற்றினேன். ஊதுபத்தி ஏற்றினேன், ஒரு கொத்து. கூரையில் இருந்த புகை அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது. ஸ்டூலில் ஏறித் துண்டை விசிறிக்கொண்டிருக்கிறேன், பிரகாஷ் கதவைத் திறக்கிறான்.

ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. மூக்கு விரிந்தது. தொட்டியருகே நின்ற பாட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"என்னப்பா பண்ணீங்க?"

கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டான். பிறகு உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தான். கார் பின்னால் போகிற சத்தம்.

ஐந்தே முக்கால். அவன் போன் எடுக்கவில்லை. யாமினி வந்துவிட்டாள். எல்லாக் கதவையும் திறந்துவைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வழிகாட்டியின் வரைவு மேசையில் கிடக்கிறது. முப்பது முகவரி. எங்கே விளக்கு நன்றாக இருக்கும், எங்கே தனியாக உட்காரலாம், எங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் - எல்லாம் நான் கூடப் போய் உட்கார்ந்து நல்ல இடம், நல்ல இடம் என்று சொன்னது.

சாமி, அவன் அதைப் படித்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்று ஏழு மணிக்குப் போன் வந்தது. யாமினிக்கு இல்லை, எனக்கு.

"ப்பா. நீங்க இங்க வந்தீங்களா? ஒரு பெரியவர் டம்ளரைத் தூக்கி வாய்ல படாமக் குடிச்சாருன்னு இந்தப் பொண்ணு எனக்கு செஞ்சு காட்டறா."

ஆமாம் என்றேனா, அழுதேனா தெரியவில்லை.

"வாங்கப்பா. பக்கத்து சீட் காலியா இருக்கு."

யாமினி கொண்டு போய் விட்டாள். அவளையும் உள்ளே கூப்பிட்டேன். "நீங்க போங்க மாமா, நான் வண்டியிலயே இருக்கேன்" என்றுவிட்டாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவன் கோடியில் உட்கார்ந்திருந்தான், முன்னால் இஞ்சி போட்ட அதே கண்ணாடி டம்ளர், பாதி காலி. அந்தப் பாதியைப் பார்த்ததும் என் நெஞ்சுப் பாரம் எப்படி இறங்கியது என்று எழுதத் தெரியவில்லை.

"வாசல்ல நின்னப்ப வாயில தண்ணி ஊறிருச்சுப்பா" என்றான். "ஒண்ணேகால் வருஷத்துல அப்படி ஊறுனதில்ல. உள்ள வந்திருந்தா தொட்டிய நக்கியிருப்பேன்னு தோணுச்சு. குரூப்ல ஒருத்தருக்கு போன் பண்ணேன், அவர் எடுக்கல. அப்புறம் நீங்க இலை போடணும்னு சண்டை போட்டீங்களே, அந்த எடம் ஞாபகம் வந்துச்சு."

பாட்டிலை முதல் நாளே ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்டேன்.

"போட்டா ஏன்னு கேப்பீங்க. கேட்டா சொல்லணும்." டம்ளரை வட்டமாகச் சுற்றினான். "பாட்டில் பயம் இல்லப்பா. ஊர்ல உங்களைக் காட்டி, மயில்சாமி சார் பையன் குடிச்சுக் கெட்டான்னு சொன்னா உங்க மூஞ்சி சுருங்கும்ல, அதைப் பாக்கறதுக்குத்தான் பயம்."

எதற்கும் ஓர் உதாரணம் சொல்லிப் பழகியவன் நான். அப்போது அவன் முதுகில் கையை வைத்தேன், அவ்வளவுதான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. பத்து வயசில் சைக்கிள் விட்டு வந்து நிற்பானே, அதே சூடு. இந்த முதுகு ஒண்ணேகால் வருஷம் தனியாகச் சுமந்ததை நினைத்தபோது எனக்குப் பிரமிப்பாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

"சுருங்கியிருக்கா? பாரு" என்று முகத்தைக் காட்டினேன்.

பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "வயசாயிருச்சுப்பா உங்களுக்கு" என்றான். இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

ரூபி எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைத்தாள். தூக்கிக் குடித்தேன். சிந்திவிட்டது. இன்னொரு கை அவன் முதுகில் இருந்ததால்.

ஆகஸ்ட் 24

வாடை போய்விட்டது என்கிறார்கள். துணி அலமாரியில் எனக்கு இன்னும் அடிக்கிறது.

ஆகஸ்ட் 29

வழிகாட்டி வெளியாகிவிட்டது. முப்பது இடம் முப்பத்தொன்று ஆகியிருக்கிறது. எடிட்டர் சிரிக்கவில்லையாம். கடைசி இடத்துக்கு யாமினி போட்ட குறிப்பை எனக்குத் தமிழில் சொன்னாள்: "குடிக்காதவருக்கும் இங்கே ஒரு இலை உண்டு." இவர்களுக்கு இலை என்றால் என்ன புரியும் என்று கேட்டேன். "கேக்கட்டும் மாமா, சொல்லுவோம்" என்றாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அரிசி டப்பாவுக்கு மேல்தட்டில் இப்போது அப்பளக் கட்டு இருக்கிறது.

மாலை ஆறு மணி. பிரகாஷ் செருப்பை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தான். எப்போதும், "ஆபீஸ் கால் இருக்குப்பா" என்பான்.

"மீட்டிங் போறேன்ப்பா. முடிய ஒரு மணி நேரம் ஆகும். வெளியில பெஞ்ச் இருக்கு, மரத்தடிதான். வர்றீங்களா?"

பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினேன்.