மேஜைக்கடியில் படுத்திருந்த ஆசிரியை

டெவன்போர்ட்
மே 6

மெரெடித்,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உனக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தபோதும், என் அறையை உன் ஆய்வுக் குழுவுக்குக் கொடுத்தபோதும் பேசவில்லை. இப்போது உன் ஆய்வைக் காட்டித்தான் எங்கள் நான்காண்டு மழலையர் ஆசிரியர் பயிற்சியை மூடப்போகிறார்கள். நீண்ட பயிற்சி பெற்றவர்களும் குறுகிய பயிற்சி பெற்றவர்களும் வகுப்பில் ஒன்றுதான் என்கிறாயாமே.

உன் ஆய்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவள் பிரான்வென், என் பழைய மாணவி, இப்போது இங்கே மழலையர் ஆசிரியை. உங்கள் ஆய்வாளர் வகுப்பைப் பார்க்க வந்த அன்று காலை ஆர்லோ என்ற பையன் வர்ணம் பூசும் மேஜைக்கடியில் புகுந்துகொண்டான். அவன் அப்பா வீட்டை விட்டுப் போன மறுநாள் அது. அவளும் உள்ளே போய்ப் பக்கத்தில் படுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் ஆள் 'ஆசிரியை குழந்தையிடம் பேசவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் டெஸ். ஆனா பார்க்க வர்றவங்க எங்ககிட்ட பேசவே கூடாதாமே!" என்கிறாள்.

அந்த மதிப்பெண்ணைத் திருத்து.

டெஸ்மண்ட்


ஹோபார்ட்
மே 19

அன்புள்ள டெஸ்,

இத்தனை நாள் கழித்து எழுதுகிறாய், ஒரு நலம் விசாரிப்புகூட இல்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அந்த ஆள் நான்தான். கடைசியில் ஆர்லோ கையை நீட்டி அவள் காதணியைத் தொட்டதையும் பார்த்தேன். என் மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. ஒருத்திக்காக மனம் இளகி மதிப்பெண்ணை மாற்றினால், மற்ற ஆசிரியைகளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஒரு வழி உண்டு. அவளே தன் பெயரில் மறுபரிசீலனை கேட்கட்டும். இல்லையென்றால் அந்த வகுப்பைத் தெரிந்த நீ கையொப்பமிட்டு எழுது. பயிற்சியை மூடுவதா என்று முடிவெடுக்கும் குழுவின் முன் வைக்கிறேன். பெயரில்லாத புகாரை அவர்கள் படிக்கவே மாட்டார்கள்.

இந்தப் பக்கம் வந்தால் தேநீர் குடிக்க வா.

மெரெடித்


டெவன்போர்ட்
ஜூன் 2

மெரெடித்,

பிரான்வெனிடம் சொன்னேன். சிரித்தாள்.

"நல்லா இருக்கே! பேர் போட்டா, கதவுகிட்ட பிள்ளைய விட வர்ற ஒவ்வொரு அம்மாவும் 'கடைசி மார்க் வாங்குனது இவதானா'ன்னு பார்ப்பாங்க. அப்புறம் யாரு என்னை வேலைக்கு வைப்பா? உங்க பேரையும் போட்டுறாதீங்க டெஸ். இந்த ஊர் டீச்சருங்கள்ல உங்ககிட்ட படிச்சவ நான் ஒருத்திதான்னு எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ பயிற்சி மூடட்டுமா?" என்றேன்.

"அத நீங்கதான் சொல்லணும்," என்றாள். அதற்குள் ஒரு குழந்தை அழுதது, போய்விட்டாள்.

குழந்தை பேசாதபோது அதன் பக்கத்தில் பேசாமல் இருக்கக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. அதை ஒருவரிடம் நிரூபிக்க வேண்டுமென்றால் அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை நீங்கள் எல்லாரும் நியாயம் என்கிறீர்கள். நானும் வருடக்கணக்காக, பெயர் போட்டுச் சொல்லாததை நம்பாதே என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன்.

எங்கள் பெயர்களை அடித்துவிட்டு இதைக் குழுவின் முன் வை. பெயரில்லாததைப் படிக்க மாட்டார்கள் என்று நீயே எழுதிவிட்டாய், இருந்தாலும் வை. பேனாவை எடுத்து, என் பெயரின் முதல் எழுத்துவரை போய், நிறுத்திவிட்டேன். மழை விட்டதும் தெருமுனைத் தபால்பெட்டியில் இப்படியே போடுகிறேன், கையொப்பம் இல்லாமல்.