ஆடி கழியட்டும்

2007 ஜூன் 24, ஞாயிறு
இவர் பைக் வாங்கிவிட்டார். பழைய வண்டிதான். தாயில்பட்டியிலிருந்து வேலைக்குப் போக இனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டாமாம். வெடிமருந்து கலக்கும் ரூமில் செருப்புகூடப் போடாமல் பூனை மாதிரி நடக்கிற மனுஷன், ரோட்டில் ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு பறக்கிறார். கேட்டால், “தலை வேர்க்குதுல்ல?” வேர்க்கட்டுமே!

ஜூலை 12, வியாழன்
விருதுநகரில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஜெயச்சந்திரனைப் பார்த்தோம். இவருக்குப் பாடமே நடத்திவிட்டார். “முன் பிரேக்க மட்டும் பிடிக்காதீக, வாரிவிட்ரும். எதுக்க லாரி வெளிச்சம் அடிச்சா மொதல்ல வேகத்தக் கொறைங்க. ஹெல்மெட்டு தலைக்குத்தான், டேங்குக்கு இல்ல.” பழைய ஓனர் போட்ட இன்சூரன்ஸ் 27-ஆம் தேதியோடு முடிகிறதாம். “ஒங்க பேர்ல புதுப் பாலிசி போட்ருங்க. ஒரு நாள் விட்டாலும், யார் மேலயாச்சும் மோதிட்டா அம்புட்டும் ஒங்க தலையிலதான்.”

ஜூலை 26, வியாழன்
பாலிசி போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவரை நான்தான் மறித்தேன். ஆடியில் புதுசாக எதையும் தொடங்கக்கூடாது. எனக்கு இது வெறும் பேச்சு இல்லை. போன ஆடியில் நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் புது ஷெட் திறந்தார்கள். எட்டாம் நாள் அது வெடித்தது. உள்ளே இருந்த செல்லக்கனி அக்காவைச் சேலைத் துண்டை வைத்துத்தான் அடையாளம் சொன்னோம். அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

“ஏட்டி, அது வெறும் காகிதம்டி” என்றார்.

“வெறும் காகிதம்னா ஆவணி பெறக்குற வரைக்கும் பொறுத்தா என்ன?”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

ஆகஸ்ட் 3
தீபாவளி சீசன். இவர் வர ஏழரை ஆகிறது. வண்டிச் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நிற்கிறேன். எதற்கு இந்தப் படபடப்பு?

ஆகஸ்ட் 9
நாய் குறுக்கே வந்ததாம். முன் பிரேக்கைப் பிடித்து விழுந்திருக்கிறார். முழங்கையைக் காட்டிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடி முடிய இன்னும் எட்டு நாள்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்
நாலே நாள். நாலு நாள்தானே இருந்துச்சு, காளியாத்தா!

நேற்று பொழுது மங்கி வரும்போது எதிரே லாரி வெளிச்சம். முன்னால் சைக்கிளில் போன ஆள் இவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அந்த ஆள் — ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே… எம். புதுப்பட்டிக்காரர், பேர் சங்கிலிமுத்து. இரண்டு பிள்ளைகளாம்.

ஸ்டேஷனில் முதலில் கேட்டது இன்சூரன்ஸ் காகிதத்தைத்தான். இவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “மறந்துட்டேங்கய்யா” என்று சொல்லியிருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 20
ஜெயச்சந்திரன் ஃபோன் செய்தார். “பாலிசி இருந்திருந்தா அந்தக் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனியே குடுத்திருக்கும்மா.”

துக்கம் கேட்க நான் போகவில்லை. எந்த முகத்தோடு போக?

செப்டம்பர் 24, திங்கள்
ஃபோர்மேன் புதிதாக ஒருத்தியைக் கூட்டி வந்து என் எதிரில் உட்கார வைத்தார். “பாண்டிச்செல்வி, இவளுக்கு வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டச் சொல்லிக்குடு.”

பெயர் வெள்ளைத்தாய் என்றாள். எம். புதுப்பட்டி என்றாள். எனக்குக் கை நின்றுவிட்டது.

“எங்க வீட்டுக்காரரு பைக் மோதிப் போயிட்டாகக்கா. சங்கிலிமுத்துன்னு பேரு. அந்த வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லியாம். இருந்திருந்தா நான் எதுக்கு இங்கன வரப்போறேன்?”

நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு, குனிந்தபடியே கேட்டாள். “வெடிக்குத்தான் பயமா இருக்குக்கா. பிள்ளைகளுக்கு இனி நான் மட்டுந்தான். ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஆகாது” என்றேன். பசைக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.