பதினாயிரத்து ஒன்று பிளவுண்ட செய்தி

நலம் பெருகுக. மழை மாறாத செங்கரை நாட்டை ஆளும் அரசி மதியங்கையார் திருமுன், ஏரியின் இப்பால் வெண்கரை வேந்தர் பெருநற்கோவின் ஆணையால் அமைச்சன் சேந்தன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் வயல்கள் விளைக. தங்கள் கரையில் அடுப்புப் புகை அடங்காதிருக்க.

நம் முன்னோர் இரு கரையாரும் ஒரே ஏரியில் வலைவீச உடன்பட்டபோது, எப்படிச் சமமாகப் பகிர்ந்தாலும் மீதி நிற்கும், பிளவுபடாத எண் என்று நம்பி ஒன்றைச் சாட்சி வைத்தனர். பதினாயிரத்து ஒன்று என்பது அவ்வெண். எழுதிப் பார்த்தால் இரு முனையிலும் ஒவ்வோர் ஒன்று கரைபோல் நிற்க, நடுவே மூன்று சுழியங்கள் நீராய் விரியும். அவ்வழகில் மயங்கியே அதைத் தேர்ந்தனர் போலும். ஆண்டுதோறும் அத்தனை விளக்குகளையும் படகுகளுக்குச் சமமாகப் பகிர்ந்து, எஞ்சியவற்றை நடு ஏரியில் மிதக்கவிட்டு, இவ்வெண் பிளவுபடாதவரை ஏரியும் பிளவுபடாது என்று உரைப்பது நம் வழக்கம்.

இவ்வாண்டு விளக்கு எஞ்சவில்லை. பழைய படகுகளில் எழுபதுக்கு மேல் ஏறாது. ஆதலால் அதற்கு மேல் வகுத்துப் பார்க்க எவர்க்கும் தோன்றியதில்லை. இம்முறை புதிய பெரும்படகுகளில் எழுபத்து மூன்றாக ஏற்ற, நூற்று முப்பத்தேழு படகுகளில் எல்லாம் அடங்கிவிட்டன. அந்தி மூடுபனியில் சுடர்கள் கனவில் அசைவனபோல் கரையோரம் அசைந்தன. நடுநீர் மட்டும் இருண்டு கிடந்தது.

"ஏரி ரெண்டாப் போச்சு, உன் மீனை உன் பக்கம் கூப்பிட்டுக்கோ" என்று எம்மவன் ஒருவன் கூவ, "வகுக்கத் தெரியாத ஊருக்கு மீன் ஒரு கேடா" என்று தங்கள் கரையிலிருந்து மறுமொழி வந்ததாம். மறுநாளே இருபுறத்தாரும் நீரில் மூங்கிற்கழி நட்டனர். செங்கரையில் மகளைக் கொடுத்த எம் வலைஞர் பொதியர், பேறுகாலத்தில் அவளைக் காணச் சென்று, கழிவரிசையில் தடுக்கப்பட்டுத் திரும்பினார்.

பெரும்படகுகளை உடைத்துவிட்டால் எண் பழையபடி ஆகும் என்று எம் அவையில் சிலர் உரைத்தனர். படகை உடைத்தாலும் பிளந்த எண் பிளந்ததே என்று கணியர் அல்லியம்மையார் விண்ணப்பித்தார். வேந்தர் அதனையே ஏற்றார்.

ஆகவே, கரைக்கு மூன்றாக ஆறு விளக்குகள் கூட்டுவோம். பதினாயிரத்து ஏழுக்கு முன்னதன் அழகு இல்லை. ஆயினும் அது பிளவாது. எம் சொல்லை நம்ப வேண்டா. தங்கள் கணியர் நூறு வரை வகுத்துப் பார்க்கட்டும். இரு கூறுகளும் நூற்றைக் கடந்தால் பெருக்கம் இவ்வெண்ணை மிஞ்சும். ஆதலால் பிளவு உண்டெனில் ஒரு கூறு நூற்றுக்குள் அகப்பட்டே தீரும். அகப்படாதாயின், படகுகளை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் சில சுடர்கள் எஞ்சி நடுநீருக்கு வரும்.

தங்கள் கணக்கு முடியும்வரை காத்திருக்க எம் வேந்தர்க்கு மனமில்லை. எம் கழிகளை நட்டவர்களே பிடுங்குமாறு ஆணையிட்டார். இவ்வோலை தங்கள் கை சேரும்போது எம் பக்கம் வெறும் நீரே இருக்கும். தங்கள் கழிகள் நிற்பதும் போவதும் தங்கள் திருவுளம். எம்மவர் கை அவற்றின்மேல் படாது.

வேந்தர் ஆம்பல் இலச்சினை பொறித்து விடுத்த இவ்வாணை, எம் கரையில் இன்றே நடப்பதாகுக.